வேள்விக் குதிரையும் வெள்ளைக் குச்சிகளும்

சதாநீரை ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு சதுப்புக்காடு இருந்தது. எருமைகள், மான்கள், காட்டுப்பன்றிகள், நாரைகள் எல்லாம் அங்கே சேர்ந்து வாழ்ந்தன. அவற்றுக்கு அரசன் கிடையாது!

அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். மேற்குக் கரையில் காட்டுக்குக் காடு ஓர் அரசன் முளைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் காட்டை விழுங்கியவன் பேரரசன் ஆனான். அவன் தலையில் ஆற்றுநீர் தெளித்து முடிசூட்டக் கழுகுப் புரோகிதர்கள் வட்டமிட்டுக்கொண்டே இருந்தார்கள். கிழக்குக் கரை விலங்குகளோ, "நாங்கள் ஒரு கணம், அரசனில்லாக் கூட்டரசு. எங்களை நாங்களே ஆள்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டன.

பௌர்ணமி நாள் காலையில் கடம்ப மரத்தடியில் சபை கூடும். கோடையில் எந்தக் குளம் யாருக்கு, எந்தப் புல்வெளியை விட்டுவைப்பது, எல்லாம் அங்கேதான் பேச்சு. சில சமயம் பேசிப் பேசியே பொழுது சாய்ந்துவிடும். பன்றிகள் குறட்டை விடத் தொடங்கிவிடும். ஆனாலும் ஒரு சட்டத்தை மட்டும் யாரும் மறந்ததில்லை. ஒரு கூட்டம் அபயம் என்று கத்தினால் எல்லாக் கூட்டமும் ஓடி வர வேண்டும்.

எருமைகளின் சார்பில் சபையில் பேசுகிறவள் காசரி. வயதானவள். அவளுடைய இடது கொம்பு நுனியில் உடைந்திருக்கும். மேற்குக் கரைச் சிங்கமான கண்டீரவன் முன்பு ஒருமுறை ஆற்றைத் தாண்டி வந்து பன்றிக் கூட்டத்தில் பாய்ந்தான். அலறல் கேட்டதும் எருமைகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஓடின. மான்கள் கொம்பைத் தாழ்த்தின. நாரைகள் அவன் கண்ணைக் குறிவைத்தன. கண்டீரவன் வாலைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் விழுந்து தப்பினான். அன்றைக்கு உடைந்த கொம்பு அது. காசரி அதை மறைத்ததே இல்லை.

ஒரு நாள் நடுப்பகலில் காசரி ஆற்றோரம் சேற்றில் படுத்திருந்தாள். தண்ணீரிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரை தள்ளாடிக்கொண்டு ஏறி வந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. கழுத்தில் வாடிப்போன மாலை.

"அம்மா, இந்தக் கரைக்கு யார் அரசர்?" என்று குதிரை மூச்சு வாங்கியபடி கேட்டது.

"இங்கே அரசரெல்லாம் கிடையாது, தம்பி."

குதிரை அப்படியே முன்னங்காலை மடித்து விழுந்தது. "அப்படியானால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன்!" என்றது.

அதன் பெயர் அர்வன். கண்டீரவனின் வேள்விக் குதிரை. நீர் குடித்து மூச்சு சீரானபிறகு அது தன் கதையைச் சொன்னது.

"போன வசந்தத்தில் எனக்கு மாலை போட்டு அவிழ்த்துவிட்டார்கள். ஓராண்டுக்கு நான் இஷ்டப்படி சுற்றலாம். எனக்குப் பின்னால் ஓநாய்ப் படை வரும். நான் கால் வைத்த மண்ணெல்லாம் கண்டீரவனுக்குச் சொந்தம். யாராவது என்னைத் தடுத்து நிறுத்தினால் போர்!"

"ராஜாவின் குதிரை! நல்ல வாழ்வுதானே?" என்றாள் காசரி.

"ஆண்டு முடிகிற அன்றைக்கு என்னைத் தூணில் கட்டிக் கொன்றுவிடுவார்கள், அம்மா. அதுதான் வேள்வி. அதன்பிறகு கண்டீரவன் பேரரசன்."

காசரி சேற்றிலிருந்து எழுந்து நின்றாள்.

"வசந்தம் வரும்வரை என்னை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் தூணில் குதிரை இல்லையென்றால் வேள்வி பாழ். வேள்வி பாழானவனை மற்றச் சிங்கங்கள் மதிக்காது. ஓநாய்கள் வேறு எசமானைத் தேடிப் போய்விடும். அவன் பல்லுப்போனவன் ஆகிவிடுவான்."

"திருப்பி அனுப்பிவிட்டால்?"

அர்வன் தன் குளம்புகளைப் பார்த்தது. "நான் ஏற்கெனவே உங்கள் மண்ணில் கால் வைத்துவிட்டேனே" என்றது.

பௌர்ணமி வந்தது. காசரி குதிரையைச் சபைக்கு நடுவே கொண்டு நிறுத்தினாள். அவள் பேசினால் எல்லாரும் கேட்பார்கள். அன்று இன்னும் நன்றாகப் பேசினாள்.

"நம்மை நம்பி வந்திருக்கிறான். இவனை விட்டால் இந்த மண்ணையும் விட்டதாகத்தான் அர்த்தம். ஓநாய் வந்தால் என்ன? சிங்கமே வந்தபோது நாம் ஓடினோமா?"

"ஓடவில்லை!" என்று கத்தினான் பன்றித் தலைவன் கிரோடன். "அவன்தான் ஓடினான்!"

"குதிரை நம்மோடுதான் இருக்கும்!" என்றான் மான்களின் தலைவன் பிருஷதன்.

சபையே ஆரவாரம் செய்தது. அர்வன் கண்ணீர் விட்டது. காசரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சினையாக இருந்த தன் மகள் மேதினியிடம், "நம் கணத்தைப் போல உலகத்தில் வேறு எங்கே உண்டு!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சில வாரங்கள் அர்வன் அவர்களோடு மேய்ந்தது. உடம்பு தேறியது. மழைநீர் வடிந்த மேட்டில் அது ஓடுவதைப் பார்க்க மான்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்தன.

ஓநாய்ப் படையின் தலைவன் கோகன் ஒரு காலை வேளையில் தனியாக ஆற்றைத் தாண்டி வந்தான். பல்லைக் காட்டவில்லை. உறுமவில்லை. கடம்ப மரத்தடியில் தலை வணங்கி நின்றான்.

"பெரியோர்களே, எங்கள் குதிரை வழி தவறி இங்கே வந்துவிட்டது. அரசர் உங்கள் சபையை மதிக்கிறார். முறைப்படி முடிவெடுங்கள். தருவதென்றால் தாருங்கள். தரமாட்டோம் என்றால் அதையும் சொல்லுங்கள். நாங்கள் ஆற்றங்கரையில் காத்திருக்கிறோம்."

அவ்வளவுதான். போய்விட்டான்.

"பயந்துவிட்டான்!" என்றான் கிரோடன். எல்லாரும் சிரித்தார்கள்.

முறைப்படி முடிவு என்றால் குச்சி போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு குச்சி கொடுப்பார்கள். பட்டை உரித்த வெள்ளைக் குச்சி, பட்டையோடு ஒரு கறுப்புக் குச்சி. இந்த முறை குதிரையை வைத்துக்கொள்ளச் சம்மதம் என்றால் வெள்ளை. மறுப்பு என்றால் கறுப்பு. ஒன்றை எல்லாரும் பார்க்கச் சபை நடுவே போடுவார்கள். மற்றது அவரவர் கையிருப்பு. குச்சிகளுக்குப் பொறுப்பு நாரை புஷ்கரி.

மறுநாள் மதியம் காசரி தனியாகக் குட்டையில் கிடந்தாள். கோரைப்புல் விலகியது. கோகன்!

காசரி சட்டென்று எழுந்தாள்.

"பதறாதீர்கள் அம்மா. நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் மகள் சினையாமே? நல்லபடியாகக் கன்று பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போக வந்தேன்."

"என் மகள் பேச்சு உனக்கெதற்கு?"

"கன்று பிறந்த முதல் சில நாட்கள் தாயால் ஓட முடியாது. அதற்காகச் சொன்னேன்." கோகன் பெருமூச்சு விட்டான். "சபை என்ன முடிவெடுக்கப்போகிறது என்பது எனக்குத் தெரியாதா? குதிரையை நீங்கள் தரமாட்டீர்கள். போர் வரும். எனக்கும் அதில் விருப்பம் இல்லை. ஆனால் போர் என்றால் யாராவது ஒரு கூட்டம் அதிகமாக அடிபடும். அது உங்களுடையதாக ஏன் இருக்க வேண்டும்?"

காசரி மேதினி மேயும் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் கறுப்பைப் போடுங்கள். கையில் மிஞ்சுகிற வெள்ளைக் குச்சியை ஆற்றங்கரையில் என்னிடம் கொடுங்கள். அதைக் காட்டி, 'இந்த அம்மா எதிர்க்கவில்லை' என்று அரசரிடம் சொல்வேன். உங்கள் வாசலை எந்த ஓநாயும் மிதிக்காது. உங்கள் ஒரு குச்சியால் சபையின் முடிவு மாறிவிடவா போகிறது?"

"போடா!" என்று கொம்பை ஆட்டினாள் காசரி. கோகன் வணங்கிவிட்டு மறைந்தான்.

அவனைத் துரத்தியாகிவிட்டது. அவன் பேச்சைத் துரத்த முடியவில்லை. மேதினியின் மேடிட்டு வரும் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அது காதில் கேட்டது. 'சபையில் எத்தனை மான்கள்! எத்தனை பன்றிகள்! எல்லாரும் வெள்ளைதான் போடப்போகிறார்கள். குதிரைக்கு ஒன்றும் ஆகாது. என் ஒரு குச்சிதானே...'

கோகன் வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த பௌர்ணமியன்று சபை கூடியது. குச்சி போடும் முன் மான் பிருஷதன் எழுந்து நின்றான். தரையைப் பார்த்தபடி பேசினான்.

"இந்த முறை மறைவாகப் போடலாமே. யார் எதைப் போட்டார் என்று தெரிந்தால் பிறகு மனக்கசப்பு வரும்."

இதுவரை அந்தக் கணத்தில் யாரும் மறைவாகக் குச்சி போட்டதில்லை. காசரி எழுந்து, "எதற்கு மறைவு? ஒளிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்க வேண்டும். எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"நல்ல யோசனை" என்றாள் காசரி.

"நல்ல யோசனைதான்!" என்று அவசரமாகச் சொன்னான் கிரோடன்.

மரத்தின் பின்பக்கம் ஒரு பொந்து இருந்தது. ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். காசரியின் முறை வந்தது. பொந்தின் முன் நின்றாள். வாயின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அர்வன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கோடையில் எந்தக் குளம் வற்றாது என்று கேட்டுக்கொண்டிருந்தது.

காசரி கண்ணை மூடிக்கொண்டாள். கறுப்புக் குச்சி உள்ளே விழுந்தது. வெள்ளையை நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு திரும்பினாள்.

எல்லாரும் போட்டு முடித்தார்கள். நாரை புஷ்கரி அலகைப் பொந்துக்குள் விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தாள்.

கறுப்பு.

அடுத்ததும் கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு.

"ஆரம்பத்தில் அப்படித்தான் வரும்" என்று யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். புஷ்கரி நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள். கறுப்புக் குவியல் உயர்ந்தது. கடைசியில் அலகால் பொந்தின் அடியைத் துழாவினாள். வெறும் மரத்தூள்தான் வந்தது.

ஒரு வெள்ளைக் குச்சிகூட இல்லை!

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கிரோடன் மண்ணைக் கிளறினான். பிருஷதன் கழுத்தைத் திருப்பிக்கொண்டான். புஷ்கரி அலகைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டாள். அவளும் ஒரு குச்சி போட்டவள்தானே!

அர்வன் மெல்ல நடந்து வந்து குவியலை முகர்ந்து பார்த்தது. பிறகு காசரியைப் பார்த்தது.

"அம்மா, நீங்களுமா?"

காசரியால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் வெள்ளைக் குச்சி விழுந்துவிடும்.

"பாதிப் பேராவது போடுவீர்கள் என்று எண்ணியிருந்தேன்" என்றது அர்வன். "ஒருவர்கூட இல்லையா? ஒரே ஒருவர்?"

குதிரையை யாரும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. அதுவாகவே ஆற்றை நோக்கி நடந்தது.

காசரி பின்னாலேயே ஓடினாள். 'ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், மன்னித்துவிடு என்றாவது சொல்ல வேண்டும்' என்றுதான் ஓடினாள். ஆற்றங்கரைக்கு வந்தபோது அவளுக்கு முன்பே அங்கே கூட்டம் நின்றது. குறுக்குவழியாக வந்த கிரோடனின் வாயில் ஒரு வெள்ளைக் குச்சி. பிருஷதனின் வாயில் ஒன்று. மான்கள், பன்றிகள், அவளுடைய சொந்த எருமைகள், எல்லார் வாயிலும் வெள்ளை வெள்ளையாகக் குச்சி! கோகனின் காலடியில் அவை வந்து விழுந்துகொண்டே இருந்தன.

அர்வனின் கழுத்தில் ஓநாய்கள் கொடியைச் சுற்றின. அது திமிறவில்லை. காசரி நாக்குக்கு அடியிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள்.

"சொன்னபடி செய்துவிட்டேன். என் மகளைத் தொடமாட்டாய் அல்லவா?" என்று கேட்டாள். அவளுக்கே அந்தக் குரல் அந்நியமாக இருந்தது.

"எங்கள் கூட்டத்தையும்!" என்றான் கிரோடன்.

"எங்களையும்!" என்றான் பிருஷதன்.

கோகன் குச்சிகளைப் பார்த்தான். பிறகு அவர்களைப் பார்த்தான். "எதிர்த்தவரைத் தண்டித்துவிட்டு, எதிர்க்காதவரை விட்டுவிடுவதாகத்தான் சொன்னேன். இங்கே எதிர்த்தவரே யாரும் இல்லையே! எல்லாரையும் விட்டுவிட்டால் என் அரசர் எதைத் தின்பார்?"

குதிரையை இழுத்துக்கொண்டு ஓநாய்கள் ஆற்றில் இறங்கின.

வசந்தத்தில் ஒரு நாள் மேற்குக் கரையில் புகை எழுந்தது. அதற்கு மேலே கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் சுற்றின. கிழக்குக் கரையில் அன்று யாரும் தலை நிமிரவில்லை. எல்லாரும் குனிந்து மேய்ந்தார்கள்.

ஆற்றில் நீர் வற்றியதும் பேரரசன் கண்டீரவன் நடந்தே இக்கரைக்கு வந்தான். அது இப்போது அவன் மண்!

முதலில் பன்றிகளின் புதரிலிருந்து அலறல் கேட்டது. "அபயம்! அபயம்!"

காசரி தலையைத் தூக்கினாள். கால்கள் தாமாகவே இரண்டடி நகர்ந்தன. பின்னால் எருமைகளும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தன. அவள் போயிருந்தால் அவையும் போயிருக்கும். ஆனால் கறுப்புக் குவியல் அவள் கண்முன் வந்து நின்றது. 'நான் ஓடினால் மான்கள் வருமா? நாரைகள் வருமா? யாரும் வரமாட்டார்கள். நான் மட்டும் போய்ச் சாவதா?' நின்றுவிட்டாள். அலறல் சிறிது நேரத்தில் அடங்கியது. கிரோடனை அதற்குப்பின் யாரும் பார்க்கவில்லை.

பிறகு மான்கள் கத்தின. அவளுக்கு நகரவும் தோன்றவில்லை.

மேதினிக்குக் கன்று பிறந்தது. பெண் கன்று. நனைந்த காதுகளோடு எழுந்து நிற்கப் பார்த்து விழுந்து, மறுபடி எழுந்தது. காசரி அதை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஓநாய்கள் வந்தன. முன்னால் கோகன்.

"எருமைகளே, சுற்றி நில்லுங்கள்!" என்று கத்தினாள் காசரி.

எருமைகள் சுற்றி நின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் கன்றைச் சுற்றி நின்றது. வட்டம் துண்டு துண்டாகிப் போயிற்று. மேதினியின் பக்கத்தில் காசரி மட்டும் இருந்தாள்.

"அபயம்!" என்று மான்கள் இருக்கும் பக்கம் பார்த்துக் கதறினாள். "பிருஷதா! அபயம்! பச்சைக் கன்றடா!"

உயர்ந்த புல்லுக்கு மேலே மான்களின் காதுகள் நிமிர்ந்தன. அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் பிருஷதனின் கொம்பும் தெரிந்தது. கேட்டுவிட்டார்கள்! வரப்போகிறார்கள்!

காதுகள் ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கின.

காசரி சண்டை போட்டாள். இரண்டு ஓநாய்களைக் குத்திச் சாய்த்தாள். தொடையிலும் கழுத்திலும் கடி வாங்கினாள். அவள் ஒருபக்கம் திரும்பினால் அவை மறுபக்கம் பாய்ந்தன. மேதினியால் ஓட முடியவில்லை. கோகன் முன்பே சொல்லியிருந்தான் அல்லவா? கன்றை விட்டு நகராமல் நின்ற இடத்திலேயே விழுந்தாள். கன்றும் போயிற்று. மேதினியைத் தின்னக் கண்டீரவன் பிறகு சாவகாசமாக வந்தான்.

தின்று முடித்துக் கடம்ப நிழலில் படுத்தான். கொஞ்சம் தள்ளி, எழ முடியாமல் காசரி கிடந்தாள். அவளைக் கொல்லவும் யாரும் மெனக்கெடவில்லை.

"பெருமானே," என்றான் கோகன், "இவர்கள் இந்த மரத்தடியில் சபை கூட்டுகிற வழக்கம் உண்டு. தடை போடலாமா?"

கண்டீரவன் கொட்டாவி விட்டான். "எதற்கு? கூடட்டுமே! பாவம், எத்தனை காலத்துப் பழக்கம்!"

காசரியின் காதில் அது விழுந்தது. இறந்தவளைப் போலக் கிடந்தவளுக்கு ஒரு சின்ன நம்பிக்கை பிறந்தது. சபையைத் தடுக்கவில்லையே! எல்லாரும் ஒருமுறை கூடினால் போதும். முதலில் அவளே எழுந்து, நான் கறுப்புப் போட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்வாள். பிறகு மற்றவர்களும் சொல்வார்கள். மறுபடி ஆரம்பிக்கலாம். இன்னும் எத்தனையோ கொம்புகள் மிச்சம் இருக்கின்றன!

பௌர்ணமிவரை புண்ணை நக்கிக்கொண்டு கிடந்தாள். அன்று பொழுது விடிந்ததும் நொண்டி நொண்டிக் கடம்ப மரத்தடிக்குப் போனாள். எருமைகளின் இடத்தில் நின்றுகொண்டு காத்திருந்தாள்.

வெயில் ஏறியது. தூரத்தில் புஷ்கரி பறந்து போனாள். "புஷ்கரி! இன்றைக்குச் சபை! வா!" என்று கூப்பிட்டாள் காசரி. நாரை வேகமாகச் சிறகடித்துத் தாண்டிப் போய்விட்டாள். மதியத்தில் புல்வெளி ஓரம் பிருஷதன் வந்து நின்றான். வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடா!" என்றாள் காசரி. "உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை!"

"நான் வருவேன்," என்றான் பிருஷதன். "நான் வந்தபிறகு வேறு யாரும் வரவில்லையென்றால்?"

காசரி காலியாகக் கிடந்த மரத்தடியைச் சுற்றிப் பார்த்தாள். அவன் திரும்பிப் புல்லுக்குள் போய்விட்டான்.

பொழுது சாயும்வரை காசரி நின்றாள். பிறகு அவளும் போய்விட்டாள். அதற்குப்பின் அந்த மரத்தடியில் யாரும் கூடவில்லை. சில மழைக்காலத்துக்குள் அங்கே ஆளுயரம் கோரை முளைத்துவிட்டது. அந்தக் கரை ஒரு காலத்தில் அரசன் இல்லாமல் இருந்தது என்று சொன்னால் புதிதாகப் பிறந்த கன்றுகள் நம்பவில்லை.

நான் ஒருவன் ஒதுங்கினால் என்ன, மற்றவர்கள் நிற்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கும் கூட்டத்தை வெல்லப் பகைவன் படை எடுக்கவே வேண்டியதில்லை.